தாத்தா காலத்து பிக்கப்... எடைக்குப் போடும் முன் எஞ்சின் நம்பரைப் பாருங்க!

‘‘எங்க அப்பாரு 1969-ல வாங்கின பிக்கப் வண்டி தோட்டத்துச் சாளையில நிக்குது. எஃப்.சி. எடுத்து 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு வியாபாரி வந்து பார்த்தார். ‘வண்டியில இருக்கற எஞ்சின் ஆர்.சி. புத்தகத்துல இருக்கறது இல்லை. மோட்டார் ரூம்ல கிடக்கற பழைய எஞ்சின்லயும் நம்பர் ஒத்து வரலை. இரும்பு எடைக்குன்னா எடுத்துக்கறேன்’னு சொல்றார். கோயம்புத்தூர்ல இருந்து வந்த இன்னொருத்தர், ‘ஒரிஜினல் எஞ்சின் இருந்தா அது வேற விலை’ங்கறார். பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். வர்ற புதன்கிழமை லாரியோட வர்றேன்னு வியாபாரி சொல்லியிருக்கார். எது ஒரிஜினல்னு நாங்க எப்படிங்க தெரிஞ்சுக்கறது?’’

காங்கேயம் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ‘நம்பர் ஒத்து வரலை’ என்ற வார்த்தைதான் உறுத்தியது. அதை வைத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அதனால், 40 வருடமாக ஜீப் வேலையே பார்த்து வரும் பல்லடம் மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் அந்தத் தோட்டத்துக்கே போய்விட்டோம்.

மூக்கு இல்லாத பிக்கப்

சாளையில் நின்றது மகிந்திரா எஃப்.சி.-150. இன்றைய இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். முன்னால் பானெட் நீட்டிக்கொண்டு இருக்காது. முகம் தட்டையாக இருக்கும். அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் 1950-களில் கொண்டுவந்த வடிவம் இது. மகிந்திரா 1947-லேயே வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்துவிட்டது. இந்த பிக்கப்பும் அந்த உறவில் வந்ததுதான். எஞ்சின், டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே ஒரு பெட்டி மாதிரி மூடிக்குள் இருக்கும். கோடையில் ஓட்டுபவரின் இடது கால் வெந்துவிடும் என்று மெக்கானிக் சிரித்தார்.

மூடியைத் தூக்கியதும் அவர் சொன்னது: ‘‘இது டீசல்ங்க. பெஜோ எஞ்சின்.’’

வீட்டுக்காரரும் மறைக்கவில்லை. ‘‘அய்யன் 1988-ல மாத்துனாருங்க. பெட்ரோல் கட்டுபடியாகலைன்னு உக்கடத்துல செகண்ட் ஹேண்டா வாங்கிட்டு வந்து போட்டாரு.’’ அந்தக் காலத்தில் இப்படி மாற்றாத பெட்ரோல் ஜீப்பே குறைவு. சிம்சன் பெர்கின்ஸ், மெட்டடோர், அம்பாசடர் டீசல் என்று எது கிடைத்ததோ அதைப் போட்டார்கள். தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. வாழைத்தாரும் தேங்காயும் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமே! ஆனால், மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றியவர்கள் ரொம்பக் குறைவு. இவர் அப்பாவும் ஏற்றவில்லை.

ஆர்.சி. புத்தகத்தில் ‘பெட்ரோல், 4 சிலிண்டர், 2,199 சி.சி.’ என்று மை மங்கி இருந்தது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த வரியைத்தான். எஞ்சின் நம்பரைத் தேடுவதற்கு முன்பே பாதி உண்மை இதிலேயே தெரிந்துவிடும்.

சி.சி. சொல்லும் ஜாதகம்

பழைய மகிந்திரா ஜீப், பிக்கப்புகளில் கம்பெனியே போட்ட எஞ்சின்களில் அதிகம் கண்ணில் படுபவை நாலு வகை.

2,199 சி.சி. என்றால் வில்லிஸ் ‘ஹரிகேன்’ பெட்ரோல். இதன் அமைப்பே விசித்திரமானது. இன்லெட் வால்வு ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்குக்குள் இருக்கும். அதனால், ஹெட்டின் மேலே ராக்கர் கவர் தெரியும். கார்புரேட்டர் ஹெட்டின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். சைலன்சருக்குப் போகும் மேனிபோல்டு மட்டும் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். இதற்கு முந்தைய உலகப்போர் காலத்து ஜீப் எஞ்சினும் அதே 2,199 சி.சி.தான். ஆனால், அதில் எல்லா வால்வும் பிளாக்குக்குள் இருப்பதால் ஹெட் வெறும் தட்டை. மேலே நட்டும் பிளக்கும்தான் தெரியும். சி.சி. ஒன்றே என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தலையைப் பார்த்தால் குழப்பமே வராது.

2,112 சி.சி. என்றால் பெஜோ டீசல், எக்ஸ்.டி.பி. 4.90. அந்தப் பெயரிலேயே விவரம் இருக்கிறது. 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் அகலம். ஸ்ட்ரோக் 83 மில்லிமீட்டர். இதில் ஸ்டார்ட் செய்யும் முன் சூடேற்றும் ஹீட்டர் பிளக் இருக்கும். இதன் பெரிய தம்பி 2,498 சி.சி.

2,523 சி.சி. என்றால் எம்.டி.ஐ. டீசல். நம் வாசகர்கள் பலருக்கு இந்த எஞ்சினின் பாட்டனைத் தெரிந்திருக்கும். 1963-ல் மகிந்திரா கூட்டாகத் தொடங்கிய கம்பெனியிலிருந்து வந்த இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர் இருக்கிறதே, அந்த டிராக்டர் எஞ்சின் வழியில் வந்ததுதான் இது. 88.9 மில்லிமீட்டர் போர், 101.6 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். மூன்றரை அங்குலம், நாலு அங்குலம் என்ற பழைய அளவு அப்படியே மில்லிமீட்டருக்கு வந்திருக்கிறது. வேகம் குறைவு, இழுவை அதிகம் என்று டிரைவர்கள் சொல்வதற்கு அந்த நீளமான ஸ்ட்ரோக்தான் காரணம்.

ஆக, ஆர்.சி.யில் 2,199 பெட்ரோல்; வண்டியில் இருப்பது 2,112 டீசல். வியாபாரி சொன்னதில் முதல் பாதி சரி. ‘பெஜோவும் மகிந்திரா கம்பெனியே போட்டதுதானே, அப்ப ஒரிஜினல்தானே?’ என்று வீட்டுக்காரர் கேட்டார். கம்பெனி போட்டதுதான், இந்த வண்டிக்குப் போட்டது அல்ல. மாற்றிய தடயத்தை மெக்கானிக் ஒவ்வொன்றாகக் காட்டினார். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே விரல் தடிமனில் ஓர் அடாப்டர் பிளேட். சேசிஸில் எஞ்சின் உட்காரும் பிராக்கெட் வெல்டிங் பிடித்தது. கம்பெனி ரிவெட் அல்ல. இக்னிஷன் காயில் இருந்த இடத்தில் இரண்டு வெற்றுத் துளை. எனக்குப் பிடித்தது டேங்க்தான். டீசல் எஞ்சினில் மிச்சமாகும் டீசல் டேங்குக்கே திரும்பி வர வேண்டும். பெட்ரோல் டேங்கில் அதற்கு வழி இருக்காது. இந்த டேங்கின் மேல் பித்தளைப் பற்றவைப்பில் ஒரு சின்னக் குழாய் தனியாக முளைத்து நின்றது. பெயின்ட் அடித்து எதை மறைத்தாலும், இந்தக் குழாயை மறைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

எழும்பிய எண், பதிந்த எண்

அடுத்து மோட்டார் ரூம். பவர் கட் நேரத்தில் பம்ப்புக்கு மாட்டலாம் என்று அப்பா எடுத்து வைத்தாராம். மாட்டவே இல்லை. சாக்கும் தென்னை ஓலையும் போட்டு மூடி, முப்பது வருடத்துக்கு மேல் அப்படியே கிடக்கிறது. ராக்கர் கவர் தெரிந்தது. பக்கவாட்டில் மேனிபோல்டு. ஹரிகேன்தான், சந்தேகமில்லை. ஆனால், இந்த வண்டியின் ஹரிகேனா?

‘‘அவர் எந்த நம்பரைங்க பார்த்தார்?’’ என்றார் மெக்கானிக். வீட்டுக்காரர் பிளாக்கின் பக்கவாட்டைக் காட்டினார். பெரிய பெரிய எழுத்தில், இரும்போடு இரும்பாக மேலே எழும்பி நிற்கும் எண்.

இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு பிளாக்கில் இரண்டு விதமான எண்கள் இருக்கும். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும்போதே அச்சிலிருந்து வருவது வார்ப்பு எண். அது மேடாக, விரலில் தட்டுப்படும். அந்த அச்சில் வார்த்த எல்லா பிளாக்குக்கும் அது ஒன்றேதான். செங்கலில் சூளைக்காரர் பெயர் இருப்பது போல. அது எந்த ஆர்.சி.யோடும் ஒத்துவராது, ஒத்துவரவும் கூடாது. எஞ்சின் நம்பர் என்பது வேறு. பிளாக்கில் ஓர் இடத்தைத் தட்டையாகச் சீவிவிட்டு, அதில் எண் அச்சை வைத்துக் குத்தியிருப்பார்கள். அது பள்ளமாக, சின்னதாக இருக்கும். ஒரு எஞ்சினுக்கு ஒரு எண்தான்.

வியாபாரிக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தே சொன்னார் என்று நான் எழுதமாட்டேன். ஆனால், அந்த ஒரு வார்த்தையில் விலை எடைக்கு இறங்கிவிட்டது.

இந்த வகை எஞ்சினில் குத்திய எண், பிளாக்கின் முன்பக்கம் வாட்டர் பம்ப் உட்காரும் இடத்தில் உள்ள சின்ன மேட்டில் இருக்கும். அங்கே மண்ணும் கிரீஸும் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. சுத்தம் செய்யும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அரம், எமரி, கிரைண்டர் எதையும் அந்த இடத்தில் வைக்கவே கூடாது. அங்கே புதிதாக ஒரு கீறல் விழுந்தாலும், நம்பரை யாரோ தட்டியிருக்கிறார்கள் என்றுதான் ஆய்வாளர் நினைப்பார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அரை மணி நேரம் போர்த்தி வைத்து, பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். காய்ந்த பிறகு சாக்பீஸைப் பூசி, உள்ளங்கையால் லேசாகத் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். எஞ்சின் வண்டிக்குள்ளேயே இருந்தால், சவரக் கண்ணாடியும் டார்ச்சும் வேண்டும். கண்ணாடியில் எண் திரும்பித் தெரியும் என்பதால், செல்போனில் படம் எடுத்துத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

எண் ஒவ்வொன்றாக வந்தது. வீட்டுக்காரர் ஆர்.சி.யைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க, மெக்கானிக் விரலை நகர்த்திக்கொண்டே போனார். கடைசிக்கு முந்தைய எண்ணில் நின்றுவிட்டார். ஆர்.சி.யில் 8. பிளாக்கில் 3 மாதிரித் தெரிகிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உள்ளே அமுச்சி மட்டும், ‘‘என்னாச்சு சாமி?’’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேசிஸ் பிரிண்ட் எடுப்பார்களே, அதே வழிதான் கைகொடுத்தது. மெல்லிய வெள்ளைத் தாளை எண்ணின் மேல் வைத்து ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தோம். துரு தின்ற இடத்தில் கண் ஏமாறும். காகிதம் அவ்வளவாக ஏமாறாது. இரண்டாவது தாளில் இடது பக்க வளைவு லேசாக விழுந்தது. 8 தான்.

போலியைக் கண்டுபிடிப்பது

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் பழைய ஜீப் ஒன்று வாங்கினேன். டாஷ்போர்டில் ரிவெட் அடித்த தகட்டில் இருந்த நம்பரும் ஆர்.சி.யும் அச்சு அசல் ஒன்று. அதோடு திருப்திப்பட்டு முன்பணம் கொடுத்துவிட்டேன். பெயர் மாற்றப் போன இடத்தில் எஞ்சினைக் காட்டச் சொன்னார்கள். பிளாக்கில் வேறு நம்பர். தகட்டை எந்த வண்டியிலிருந்தும் கழற்றி எந்த வண்டியிலும் அடிக்கலாம். பிளாக்கை அப்படிச் செய்ய முடியாது. விற்றவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். வண்டி எட்டு மாதம் என் வீட்டுப் புளியமரத்தடியில் நின்றது.

குத்திய எண்ணிலும் தில்லுமுல்லு உண்டு. கம்பெனியில் சீவிய பரப்பில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும். கிரைண்டர் பட்ட இடத்தில் வட்டச் சுழி தெரியும், அல்லது விரலால் தடவினால் குழிவாக இருக்கும். பழைய எண்ணின் நிழல் சில சமயம் அடியில் தெரியும். ஆனால், எண்கள் கொஞ்சம் கோணலாக இருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் கம்பெனியிலும் சுத்தியலால் குத்தியவைதான் நிறைய. அந்த இடம் வழவழவென்று எண்ணே இல்லாமல் இருந்தாலும் பயப்பட வேண்டாம். பழைய பிளாக் வெடித்துப்போய், கம்பெனியில் புது பிளாக் வாங்கிப் போட்டிருந்தால் அது எண் இல்லாமலேயே வந்திருக்கலாம். அதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மற்ற பாகங்களுக்கு ஒரு பொதுவான கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பழைய செவர்லே பிக்கப் சேகரிப்பவர்கள் இதில் கில்லாடிகள். அந்த பிளாக்குகளில் வார்த்த தேதியே எழும்பி இருக்கும். முதல் எழுத்து மாதம். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி. பிறகு நாள், கடைசியில் வருடத்தின் கடைசி எண். ‘சி 14 5’ என்றிருந்து வண்டி 1955 மாடல் என்றால், மார்ச் 14-ல் வார்த்தது. வண்டி அதற்குப் பிறகு பூட்டப்பட்டிருந்தால் சரி. வண்டி பூட்டிய நாளுக்குப் பிந்திய தேதி இருந்தால் அந்த பாகம் பிறகு மாற்றியது. நம் வண்டியிலும் டைனமோ, ஸ்டார்ட்டர், டீசல் பம்ப் தகடுகளில் தேதியோ வருடமோ இருந்தால் இதே கணக்கைப் போடலாம். லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கியது 1961-ல். 1950-களின் வண்டியில் அந்தப் பெயர் போட்ட டைனமோ இருந்தால், அது பிற்பாடு வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த எஞ்சினில் கார்புரேட்டரையே காணோம். மேனிபோல்டில் விரிசல். வாட்டர் பம்ப் மாற்றியது. இவையெல்லாம் தேய்ந்து மாறும் சாமான்கள், தேடினால் கிடைக்கும். நம்பர் குத்திய பிளாக் போனால் போனதுதான். பழைய இரும்பில் முதலில் உடைபடுவதும் அந்த கனமான பிளாக்தான்.

பேப்பர் விஷயம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, எஞ்சின் மாற்றுவதற்குப் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்கிறது. அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால், 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்கினால், அது எந்த வண்டியில் இருந்தது என்ற விவரத்தோடு பில் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் திருட்டு வண்டி எஞ்சின் இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் முதலில் பார்ப்பது இந்த எண்களைத்தான்.

இன்னொரு வழி 2021-ல் வந்தது. 50 வருடம் தாண்டிய இரண்டு சக்கர, நாலு சக்கர வண்டிகள் பழைய வடிவம் மாறாமல், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால், ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். 10 வருடம் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால், அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டவோ, சரக்கு ஏற்றி வாடகைக்கு விடவோ கூடாது. கோயம்புத்தூர்க்காரர் ‘வேற விலை’ என்றது இதனால்தான். அவருக்கு வேண்டியது வாழைத்தார் ஏற்ற அல்ல.

உங்களுக்கு வேண்டியது சரக்கு ஏற்றத்தான் என்றால், ‘ஒரிஜினல் எஞ்சின்’ என்ற வார்த்தைக்கு ஒரு ரூபாய் கூட அதிகம் கொடுக்காதீர்கள் என்பேன். ஆர்.சி.யும் பிளாக்கும் ஒத்து வருகிறதா, ஆயில் கேஜைத் தூக்கினால் மோர் மாதிரி வெளுத்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா, இந்த இரண்டும்தான் முக்கியம். வெளுத்திருந்தால் கேஸ்கட் போயிருக்கலாம், பிளாக்கிலோ ஹெட்டிலோ விரிசல் இருக்கலாம். எதுவானாலும் அந்த விலைக்கு வாங்காதீர்கள்.

வீட்டுக்காரருக்கு நாங்கள் சொன்னது ஒன்றுதான். வண்டியையும் பிளாக்கையும் பிரித்து விற்காதீர்கள். ஆர்.சி., சேசிஸ், பிளாக் மூன்றும் ஒரே நம்பர் வரிசையில் ஒரே இடத்தில் இருக்கும்வரைதான் அது 1969 பிக்கப். டீசல் எஞ்சினுக்கு பில் இல்லாததால், அதை ஆர்.சி.யில் ஏற்றுவது இப்போது சிரமம். பெட்ரோல் எஞ்சினைத் திரும்ப ஏற்றினால் அந்தப் பிரச்னையே இல்லை. ஆனால், அதற்கு அது முதலில் சுற்ற வேண்டும். அன்றைக்குச் சுற்றவில்லை, பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, ‘‘தினமும் கொஞ்சம் ஊத்துங்க, கம்பியை வெச்சு நெம்பாதீங்க’’ என்று சொல்லிவிட்டு வந்தார்.

புதன்கிழமை வியாபாரி லாரியோடு வந்தாராம். சாக்பீஸ் பூசிய எண்ணையும் பென்சில் தாளையும் காட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதலில் சொன்னதைப்போல மூன்று மடங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. முதல் தவணை ஃபீஸுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை இரவு அவரே போன் செய்தார். ‘‘அண்ணா, இன்னிக்குக் கால் சுத்து சுத்துச்சுங்க. மெக்கானிக் அண்ணன் வந்து ஹெட்டைக் கழட்டிப் பார்த்தார். பிஸ்டன் மேல .020-ன்னு இருக்குது. ஒரு தடவைதான் போர் போட்டிருக்காங்களாம். இன்னும் போர் போட இடம் இருக்குதாம். கார்புரேட்டர் எங்கயாவது கிடைக்குமான்னு பத்திரிகையில ஒரு வார்த்தை போட முடியுங்களா?’’

போட்டுவிட்டேன். யாரிடமாவது ஹரிகேன் எஞ்சினின் பழைய கார்புரேட்டர் இருந்தால், ‘வாசகர் கேள்வி’ பகுதிக்கு எழுதுங்கள்.